கடைக்குட்டி ராமலிங்கம்



உங்கள் வீட்டில் கடைக்குட்டி யார்? நீங்கள்தானா? அப்படியானால் அண்ணனின் பழைய சட்டையும் அக்காவின் பழைய புத்தகமும் உங்களுக்குத்தான் வந்திருக்கும். நீ சின்னப்பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது என்ற பேச்சும் சேர்ந்தே வந்திருக்கும். கடைசியாகப் பிறப்பது நஷ்டமா, லாபமா? ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

தைப்பூசம் வந்தால் நம் கோவைப் பக்கம் மருதமலைக்கும் பழனிக்கும் காவடி எடுப்பார்கள். அதே நாளில் கடலூர் மாவட்டம் வடலூரில் ஜோதி தரிசனம் காணப் பெருங்கூட்டம் கூடும். அந்தச் சபையை அமைத்த வள்ளலார்தான் நாம் பார்க்கப்போகும் கடைக்குட்டி. அவருடைய இயற்பெயர் ராமலிங்கம்.

சிதம்பரத்துக்கு அருகில் உள்ள மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தை ராமையா பிள்ளை, தாய் சின்னம்மை. அவருக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள், இரண்டு அக்காக்கள். ராமலிங்கம் கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். அப்பாவின் முகம்கூடத் தம்பிக்கு நினைவில்லை. மூத்த அண்ணன் சபாபதிதான் அப்பாவின் இடத்தில் நின்று குடும்பத்தைத் தாங்கினார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது.

சபாபதி நன்றாகத் தமிழ் படித்தவர். புராணச் சொற்பொழிவு செய்து அந்த வருமானத்தில் எல்லோரையும் காப்பாற்றினார். தம்பியும் தன்னைப் போலப் பெரிய புலவராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் தம்பியின் மனம் பாடத்தில் நிற்கவில்லை. கந்தகோட்டம் முருகன் கோயிலே கதி என்று கிடந்தார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. அவன் படிக்கும் வரை வீட்டில் சோறு போடாதே என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த அண்ணியின் பெயர் பாப்பாத்தி அம்மாள். நம் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் நங்கை என்று கூப்பிடுவார்களே, அந்த உறவுதான். தாய் மனம் கொண்ட அண்ணிக்குக் கேட்குமா? கணவர் இல்லாத நேரம் பார்த்து, கொழுந்தனைப் பின்வாசல் வழியாக அழைத்துச் சோறு போட்டார். ஒருநாள் வீட்டில் தந்தையின் திவசம். விருந்தினர் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பசியோடு வந்த தம்பிக்கு இலை போட்டார். இப்படி மறைத்து மறைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறதே, ஒழுங்காகப் படித்தால் ஊரறியச் சாப்பிடலாமே என்று சொல்லும்போது அண்ணியின் கண்களில் நீர் வழிந்தது. அந்தக் கண்ணீர் தம்பியைத் தொட்டது. அன்று முதல் வீட்டு மாடியில் ஓர் அறை கேட்டு வாங்கி, அங்கேயே தங்கித் தன் வழியில் கற்றார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள்.

பிறகு ஒருநாள் அண்ணனுக்கு உடல்நலம் சரியில்லை. அன்று ஒரு செல்வர் வீட்டில் சொற்பொழிவு. போகாவிட்டால் பேச்சுத் தவறிவிடும். தம்பியை அழைத்து, நீ போய் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு, அண்ணன் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். கூடியிருந்தவர்கள் சிறுவனைப் பார்த்து ஏமாந்தார்கள். ஆனால் ராமலிங்கம் பாடிப் பொருள் சொல்லத் தொடங்கியதும் சபையே அசையாமல் இருந்தது. இரவு வெகுநேரம் வரை பேசினார். இனி இவரே தொடர்ந்து பேச வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். சின்னப்பிள்ளை என்று நினைத்த தம்பியின் பெருமையை அண்ணன் அன்று அறிந்துகொண்டார்.

வளர்ந்த பிறகு ராமலிங்கர் சென்னையை விட்டுக் கிளம்பி, வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழியில் வந்து தங்கினார். பட்டினியால் வாடும் ஏழைகளைக் கண்டு அவர் மனம் துடித்தது. 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, மதம் கேட்காமல் பசி என்று வந்த எல்லோருக்கும் அங்கே சோறு! அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. 150 ஆண்டுகளைத் தாண்டியும் அங்கே அன்னதானம் நடக்கிறது. 1872ஆம் ஆண்டு தைப்பூச நாளில் சத்திய ஞான சபையைத் திறந்தார். 1874ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்றவர் ஜோதியில் கலந்துவிட்டார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. அவர் பாடிய திருவருட்பா நமக்கு இருக்கிறது.

பார்த்தீர்களா குழந்தைகளே! கடைக்குட்டிக்குக் கிடைத்த லாபம் என்ன? தந்தை இல்லாத குறையை அண்ணன் தீர்த்தார். பசியை அண்ணி தீர்த்தார். முன்னால் பிறந்தவர்கள் தேடி வைத்த நிழல் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த நிழலிலேயே அவர் தூங்கிவிடவில்லை. பின்வாசலில் ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சோற்றை, ஊரறிய ஆயிரமாயிரம் பேருக்குக் கொடுத்தார்.

நீங்கள் கடைக்குட்டியா? வீட்டில் எல்லோரிடமும் வாங்கிய அன்பை வெளியே நாலு பேருக்குக் கொடுங்கள். நீங்கள் மூத்தவரா? தம்பி, தங்கையை ஒன்றும் தெரியாது என்று ஒதுக்காதீர்கள். ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். மதிய இடைவேளையில் சாப்பாடு கொண்டுவராத நண்பன் பக்கத்தில் இருந்தால், உங்கள் டிபன் பாக்ஸை அவன் பக்கம் நகர்த்துங்கள். வள்ளலார் மூட்டிய அடுப்பு உங்கள் கையிலும் எரியட்டும்!