குழந்தை மனம் கண்ட மருத்துவர்

பெங்களூரு நகரத் தெருக்களில் 'மாண்டிசோரி இல்லம்' என்று எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். உள்ளே சிறு மேசைகளும் சிறு நாற்காலிகளும், குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருள்கள் அடுக்கிய அலமாரிகளும் இருக்கும். மாண்டிசோரி என்பது ஓர் ஊரின் பெயரன்று. ஒரு பெண்மணியின் பெயர். அவர் தம் முதுமையில் பல ஆண்டுகள் நம் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி.

இளமையும் கல்வியும்

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களில் ஈடுபாடு மிக்கவர். மரியா சிறுமியாக இருந்தபோதே குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. அக்காலத்தில் படித்த பெண்களுக்கு உரியதெனக் கருதப்பட்டது ஆசிரியப் பணி ஒன்றே. மரியா அதனை விரும்பவில்லை. மருத்துவம் பயில உறுதி பூண்டார்.

அவ்வழி எளிதாக இல்லை. ஆண் மாணவர்களுடன் சேர்ந்து உடற்கூறு பயில்வது பெண்ணுக்குத் தகாது என்று கருதினர். ஆதலால் அனைவரும் சென்ற பின்னர், சடலங்கள் கிடத்தப்பட்ட கூடத்தில் அவர் தனியே நின்று பயில நேர்ந்தது. அவர் அஞ்சினாலும் பின்வாங்கவில்லை. 1896இல் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

கைகள் தேடிய பொருள்

மருத்துவப் பணியின்போது மனநோயாளர் காப்பகங்களுக்குச் சென்ற அவர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் வெறும் அறைகளில் அடைபட்டிருக்கக் கண்டார். உணவு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் சிந்திய ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினர். அதனைப் பேராசை என்று பணிப்பெண் இகழ்ந்தாள். மரியாவுக்கோ வேறோர் உண்மை புலப்பட்டது. அவ்வறையில் தொட்டுப் பார்க்கவும் எடுத்து விளையாடவும் வேறொன்றும் இல்லை. அவர்கள் வயிறு நிரம்பியிருந்தது, கைகளும் மனமுமே பசித்திருந்தன. அக்குழந்தைகளுக்கு வேண்டியது மருந்து மட்டுமன்று, பயிற்சியும் அன்பும் என்று உணர்ந்த அவர், அவர்களுக்கெனக் கருவிகளை உருவாக்கிக் கற்பித்தார்.

குழந்தைகள் இல்லம்

ரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே புதுப்பிக்கப்பட்ட குடியிருப்புகளில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறுவர் தனித்து விடப்பட்டனர். அவர்கள் சுவர்களைக் கீறிப் பாழாக்கினர். சுவர்களைக் காப்பதற்காகக் கட்டட உரிமையாளர்கள் அச்சிறுவரை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள எண்ணி, மரியாவை நாடினர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் முதல் 'குழந்தைகள் இல்லம்' தோன்றியது.

குழந்தைகளின் எடையும் உயரமும் தவறாமல் குறிக்கப்பட்டன. கை, முகம் கழுவுதல், தூய ஆடை உடுத்தல், சத்துள்ள உணவு, திறந்தவெளி விளையாட்டு ஆகியவை அன்றாட ஒழுங்காயின. தாய்மார் ஆசிரியையைச் சந்தித்துப் பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றி உரையாடினர். உடல்நலமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இணைந்தன.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். அம்மையார் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் கவனம் சிதறவில்லை. நாற்பது தடவைக்கும் மேல் அதனையே செய்து முடித்து, உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் நிமிர்ந்தாள். தமக்கு ஏற்ற பணி கிடைத்தால் குழந்தைகள் அமைதி அடைகின்றனர் என்பதை அம்மையார் கண்டறிந்தார்.

மற்றொரு நாள், ஓசையின்றி மூக்கைத் துடைப்பது எவ்வாறு என்று கைக்குட்டையால் செய்து காட்டினார். குழந்தைகள் எழுந்து கைதட்டினர். மூக்கைத் துடைக்கவில்லை என்று அவர்களைக் கடிந்தவர் பலர். பொறுமையுடன் கற்பித்தவர் எவருமிலர். சிறு குழந்தைக்கும் தன்மதிப்பு உண்டு என்பதை அக்கைதட்டல் அவருக்கு உணர்த்தியது.

தாயும் மகனும்

உலகக் குழந்தைகளுக்காக உழைத்த அம்மையாருக்குத் தம் மகனை வளர்க்கும் பேறு வாய்க்கவில்லை. 1898இல் பிறந்த மரியோ, சூழ்நிலை காரணமாக வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். ஏறத்தாழப் பதினைந்தாம் வயதில்தான் தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின் தாயின் பணிக்கு உற்ற துணையானார்.

தமிழ் மண்ணில்

முசோலினி ஆட்சியுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் இத்தாலியில் அம்மையாரின் பள்ளிகள் மூடப்பட்டன. 1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைக்க, அறுபத்தொன்பது வயதில் மகனுடன் சென்னை அடையாறு வந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சி பெற்றனர். அவர் இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு இருவரையும் பகைநாட்டினராகக் கருதியது. மரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். அம்மையார் அடையாற்றை விட்டு அகலத் தடை விதிக்கப்பட்டது. இளமையில் மகனைப் பிரிந்திருந்த தாய், முதுமையில் மீண்டும் பிரிந்தார். எனினும் அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாள் பரிசாக, வைஸ்ராய் மரியோவை விடுவித்தார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கண்டு கற்பதை அம்மையார் உடனிருந்து கவனித்தார். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான வளர்ச்சியில் அவர் சிந்தை ஆழ்ந்தது. தாயின் அணைப்பில் சந்தைக்கும் வீதிக்கும் செல்லும் குழந்தை, எவரும் கற்பிக்காமலே மொழியையும் உலகையும் உள்வாங்குகிறது என்று அவர் விளக்கினார். இந்தியாவில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் அமைந்த அவரது நூல் 1949இல் சென்னையில் வெளிவந்தது.

1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் அம்மையார் இயற்கை எய்தினார். ஆசிரியப் பணி வேண்டாம் என்று விலகிய பெண், உலக ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். சுவர்களைக் காக்கத் தொடங்கிய இல்லத்தில் குழந்தைகளைக் காத்தார். ஒரு குழந்தையைத் திருத்த முனையும் முன், அக்குழந்தை எதனைத் தேடுகிறது என்று பொறுமையுடன் பார்க்க வேண்டும். அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

பயிற்சி

அ. பொருள் அறிக: இகழ்தல் – பழித்தல், புலப்படுதல் – தெரிதல், கடிதல் – கண்டித்தல், பேறு – கிடைத்தற்கரிய நன்மை.

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக:
1. முதல் குழந்தைகள் இல்லம் தோன்றிய ஆண்டு ______.
2. மரியோ அடைக்கப்பட்ட முகாம் இருந்த ஊர் ______.

இ. விடையளிக்க:
1. காப்பகக் குழந்தைகள் ரொட்டித் துணுக்குகளைத் தேடியது ஏன்?
2. கைக்குட்டை நிகழ்ச்சி உணர்த்தும் கருத்து யாது?

ஈ. செயல்பாடு: உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள சிறு குழந்தை விளையாடுவதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கவனித்து, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.