மாவீரர் காமா பயில்வான்

வலிமை எதற்கு என்னும் வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் காமா. குலாம் முகம்மது பக்ஷ் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1878ஆம் ஆண்டில் பஞ்சாபின் அமிர்தசரஸ் வட்டாரத்தில், காஷ்மீர வழிவந்த மற்போர்க் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாய்வழிப் பாட்டனாரும் மாமனும் வளர்த்தனர்.

1888இல் ஜோத்பூர் மன்னர் நடத்திய பஸ்கிப் போட்டியில் நானூற்றுக்கும் மேற்பட்ட மல்லர்கள் கலந்துகொண்டனர். இறுதிவரை தளராதிருந்த பதினைவருள் பத்து வயதுக் காமாவும் ஒருவர். அச்சிறுவரே வென்றவராக அறிவிக்கப்பெற்றார். பின்னர்த் தத்தியா அரசவை அவரைப் பேணிப் பயிற்றியது.

1910இல் தம்பி இமாம் பக்ஷுடன் இலண்டன் சென்றார். உயரம் போதாதென்று அங்கே போட்டியில் சேர்க்க மறுத்தனர். காமா சினக்கவில்லை, எவ்வளவு எடையுள்ளவராயினும் முப்பது நிமிடங்களில் மூவரை வீழ்த்துவதாக அறைகூவல் விடுத்தார். அமெரிக்க மருத்துவரும் மல்லருமான ரோலரை முதலில் வென்றார். செப்டம்பர் 10ஆம் நாள், போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஸ்கோவுடன் இரண்டரை மணி நேரத்திற்கும் மேலாகப் பொருதார். எதிரி தரையோடு தரையாய்ப் படிந்து தற்காத்துக்கொண்டமையால் முடிவு எட்டப்படவில்லை. ஒரு வாரம் கழித்து நடக்கவிருந்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றிப் பட்டயம் காமாவுக்கே உரியதாயிற்று. ஆளப்படுவோர் ஆள்வோரினும் தாழ்ந்தவரல்லர் என்பதை அடிமை இந்தியா அன்று கண்டு நிமிர்ந்தது. 1928இல் பாட்டியாலாவில் மீண்டும் எதிர்ப்பட்ட ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்திற்குள் வீழ்த்தினார்.

ஆயினும் அவர்தம் உண்மை வெற்றி களத்திற்கு வெளியே நிகழ்ந்தது. 1947இல் பிரிவினைத் தீ மூண்டபோது அவர் லாகூரில் வாழ்ந்தார். தம் தெருவிலிருந்த இந்துக் குடும்பங்களைத் தாக்க வந்த கூட்டத்தின் முன் காமா தம் தோழர்களுடன் அரணாய் நின்றார் என்றும், அக்குடும்பங்களுக்கு உணவளித்துப் பாதுகாப்பாய் வழியனுப்பினார் என்றும் வரலாறு கூறுகின்றது.

இறுதிக் காலம் நோயிலும் வறுமையிலும் கழிந்தது. எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் பிர்லா உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23ஆம் நாள் லாகூரில் அவர் இயற்கை எய்தினார்.

தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் உடற்பயிற்சிக் கூடங்களை நாடும் மாணவச் செல்வங்கள் காமாவின் தோள்வலியைப் போற்றுவர், அது தகும். ஆனால் அண்டை வீட்டாரின் வாயிலில் அரணாய் நின்றபோதே அத்தோள்வலி தன் முழுப் பயனை எய்தியது என்பதையும் அவர்கள் நெஞ்சிற் கொள்வார்களாக.