தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன்

மருத்துவம் படிக்க மீஞ்சூர்ப் பிள்ளைகள் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. 2022இல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகள் புண்ணைக் கழுவிக் கட்டுவதையும் ஊசி போடுவதையும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியிடம் எங்கே வலிக்கிறது என்று தமிழில்தான் கேட்டாக வேண்டும். இந்த இடைவெளியை 150 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் 1822இல் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் முடித்து, 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்தது கிறிஸ்தவ மிஷனரியாகத்தான். நாம் இங்கே பார்ப்பது அவருடைய மருத்துவப் பணியை.

மறு ஆண்டே மானிப்பாயில் மருந்தகம் நடத்திக்கொண்டு மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். அந்த மருந்தகம்தான் அவர்களுக்கு வகுப்பறை. காலையில் வரும் நோயாளிகளே பாடம். மருந்து கலக்குவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, அறுவைக்கு உடன் நிற்பது என்று ஆசிரியர் செய்வதைப் பார்த்து, பிறகு தாங்களே செய்து பழகினார்கள்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் படித்தவர்கள் அரசுச் சம்பளத்தைத் தேடி வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். கிராமம் முன்போலவே வைத்தியர் இல்லாமல் கிடந்தது. உடல்நலம் கெட்டு ஊர் போயிருந்த கிறீன் 1862இல் திரும்பி வந்தபின் துணிந்து பயிற்று மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் படித்தவர் தம் ஊர் மக்களிடையே தங்குவார் என்பது அவர் கணக்கு. இதில் எனக்குப் பெரிய வியப்பு, தம் தாய்மொழியே ஆங்கிலமாக இருந்தும் அவர் அதைச் சொன்னது.

சொன்னால் போதுமா? தமிழில் பாடநூல் வேண்டாமா? மாணவர்களையே துணைக்கு வைத்து மொழிபெயர்ப்பில் இறங்கினார். பிரசவ வைத்தியம் 1857லேயே வந்திருந்தது. காயம், எலும்பு முறிவு, அறுவை பற்றிய இரணவைத்தியம் 1867இல் வந்தது. மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று வரிசை நீண்டது. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவார், பிறகு வடமொழியில். இரண்டிலும் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைத்துக்கொள்வார். கெமிஸ்தம் பிறந்த கதை அதுதான். பெயர்களைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றலாம். ஆனால் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் அருகே நிற்கும் மாணவனுக்கு, அடுத்துக் கை என்ன செய்ய வேண்டும் என்பதைத் தன் மொழியில் சொன்ன நூல்கள் அவை.

அவரிடம் பயின்றவர்கள் அறுபதுக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழில் படித்தவர்கள். கொழும்பில் மருத்துவப் பள்ளி தொடங்கியதே 1870இல்தான்.

1873இல் அமெரிக்கா திரும்பினார். நோயோடு இருந்தும் மொழிபெயர்ப்பை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு காலமானார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவன் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டிருந்தார். அப்படியே பொறித்தார்கள். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.