சில்லு உலகின் முன்னோடி

மின்சாரம் தடைபட்டால் விளக்கு அணைகிறது, மின்விசிறி நிற்கிறது. ஆனால், கைப்பேசியை அடைத்துவிட்டாலும் அதில் சேமித்த படங்கள் அழிவதில்லை. மின்சாரம் இல்லாதபோதும் தகவலைக் காக்கும் இத்தகைய நினைவகச் சில்லுகள் உருவாகத் துணைநின்றவர்களுள் ஒருவர் ராபர்ட் நாய்ஸ்.

நாய்ஸ் 1927ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பன்னிரண்டு வயதில், இயந்திரமில்லாத சிறிய வானூர்தி ஒன்றைத் தம் அண்ணனோடு சேர்ந்து செய்து, கட்டடக் கூரையிலிருந்து பறந்து பார்த்தார். கிரின்னல் கல்லூரியில் அவருடைய இயற்பியல் ஆசிரியர் கிராண்ட் கேல், அப்போது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த டிரான்சிஸ்டரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினார். அதுவே நாய்சின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானித்தது. 1953இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார்.

1956இல் அறிவியலாளர் வில்லியம் ஷாக்லியின் நிறுவனத்தில் சேர்ந்தார். ஷாக்லியின் கடுமையான நிர்வாகத்தைத் தாங்க இயலாமல் இளம் அறிவியலாளர்கள் வெளியேற முடிவு செய்தனர். குடும்பப் பொறுப்பு இருந்ததால் நாய்ஸ் தயங்கினார். எனினும், இறுதியில் எட்டாவது ஆளாக அவர்களோடு இணைந்தார். அவர்கள் 1957இல் பேர்சைல்டு குறைக்கடத்தி நிறுவனத்தைத் தொடங்கினர். அங்கு 1959இல், பல மின்னியல் உறுப்புகளை ஒரே சிலிக்கன் துண்டில் இணைக்கும் முறையை நாய்ஸ் உருவாக்கினார்.

1968இல் கோர்டன் மூருடன் சேர்ந்து இண்டெல் நிறுவனத்தை நிறுவினார். அதன் தொடக்ககால நினைவகச் சில்லுகள், மின்சாரம் நின்றதும் தகவலை இழந்தன. பழுதான சில்லுகளை ஆராய்ந்த பொறியியலாளர் டோவ் ஃபுரோமனுக்குப் புதிய எண்ணம் பிறந்தது. மின்னேற்றத்தைக் காப்புப் பொருளுக்குள் சிறைப்படுத்தினால் அது ஆண்டுக்கணக்கில் நிலைக்கும். புறஊதாக் கதிரால் அதனை அழித்து மீண்டும் எழுதலாம். 1971இல் அச்சில்லு வெளிவந்தபோது நிறுவனத்தை வழிநடத்தியவர் நாய்சே. பழுதிலிருந்து பிறந்த அச்சில்லு பல ஆண்டுகள் நிறுவனத்திற்கு வருவாய் ஈட்டித் தந்தது.

1972இல் இண்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது. 1975இல் அது தீக்கிரையானது. ஆயினும், நிறுவனம் பினாங்கை விட்டு விலகவில்லை. இன்று மலேசியா குறைக்கடத்தித் துறையில் முக்கிய நாடாகத் திகழ்கிறது.

நாய்ஸ் 1990ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், தமது 62ஆவது வயதில் காலமானார். ஒருங்கிணைந்த மின்சுற்றை அவருக்குச் சற்று முன்னரே தனியாக உருவாக்கிய ஜேக் கில்பி, 2000இல் நோபல் பரிசு பெற்றார். மறைந்தவர்களுக்கு அப்பரிசு வழங்கப்படுவதில்லை என்பதால் நாய்சுக்கு அது கிட்டவில்லை. இருப்பினும், அவருடைய உழைப்பின் பயன் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.