நூலக வரியும் ஒரு கணக்கு வாத்தியாரும்

நம் கோவை அரசுக் கல்லூரியில் நூறு வருடங்களுக்கு முன் ஒருவர் கணக்கு வாத்தியாராக இருந்தார் தெரியுமா? சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன்தான் அவர்.

1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். சம்பளம் கூடுதல்தான், ஆனால் நூலகத்துக்கு ஆளே வரவில்லை. சில நாட்களிலேயே சலித்துப்போய், பழைய ஆசிரியர் வேலையைத் திரும்பக் கேட்டார். முதலில் லண்டனில் நூலகப் படிப்பு படித்து வரட்டும், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் படித்தபடியே, நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் புத்தகங்களை ஒவ்வொரு விதமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைப் பார்த்தார். அதே துண்டுகள்தான், மாற்றிக் கோத்தால் வேறு பொம்மை. புத்தகத்தின் பொருளையும் இப்படிப் பிரித்துக் கோக்கலாமே என்று தோன்றியது. 1933இல் வெளியான கோலன் பகுப்பு அதிலிருந்து வந்ததுதான்.

1925இல் ஊர் திரும்பியவர் கணக்கு வகுப்பைக் கேட்கவே இல்லை. பொது நூலகச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தார். 1948இல் அது நிறைவேறியபோது கல்வி அமைச்சராக இருந்தவர் நம்ம ஊர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு நீங்கள் கட்டும் நூலக வரி அந்தச் சட்டத்தில் வந்ததுதான். வரியை ஒழுங்காகக் கட்டுகிறோம், கிளை நூலகத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டீர்களா?