காருக்குத் தன் உயரத்தைத் தெரியவைத்தவர்! டிகிரி இல்லாத பால் மாஜெஸ் கதை

காலை நேரத்துல அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போற லோக்கல்ல ஏறியிருக்கீங்களா? ஏறும்போது ஜன்னல் சீட் கிடைக்கும். திருவள்ளூர் தாண்டினா கால் மாத்தி வைக்கக்கூட இடம் இருக்காது. ஆனா பெட்டி காலியா இருந்தாலும், கூட்டம் பிதுங்கினாலும் அதன் தரை ஏறக்குறைய அதே உயரத்துலதான் நிற்கும். புறநகர் மின்ரயில் பெட்டிகள் பலவற்றில் அடியில் காற்று ஸ்பிரிங் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து ஒரு கம்பி. எடை ஏறிப் பெட்டி தாழ்ந்தா, கம்பி அந்த வால்வைத் திறக்கும். காற்று உள்ளே போய் பெட்டி மறுபடி நிமிரும். ஆள் இறங்கினா காற்று வெளியே போகும்.

இந்தக் கம்பியைப் பத்தி எனக்கு ஆர்வம் வந்ததுக்குக் காரணம் சித்தப்பாவின் கார். அரக்கோணத்துல இருக்கிற அவர், ஆசைப்பட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் எஸ்யூவி வாங்கினார். ஏர் சஸ்பென்ஷன் வெச்ச வண்டி. ஒரு மழைக்காலத்துக்கு அப்புறம் வலது பக்கப் பின்புறம் மட்டும் உட்கார்ந்துபோச்சு. கம்ப்ரஸர் போச்சு, காற்றுப் பை போச்சுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல லட்சத்துல பில் சொன்னாங்க. கடைசியில பார்த்தா, வீல் பக்கத்துல இருக்கிற உள்ளங்கை அளவு சென்சார்தான் வில்லன். ரைட் ஹைட் சென்சார், அதாவது வண்டியின் உயரத்தை அளக்கும் சென்சார்.

அதைப் பத்தித் தேடப் போனப்போதான் பால் மாஜெஸ் என்கிற பிரெஞ்சுக்காரர் கிடைச்சார். கார் பைத்தியங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பேர். நீங்க கேள்விப்படலைன்னாலும் தப்பில்லை. அவர் வேலை பார்த்த சிட்ரோயன் கம்பெனியின் கார்கள், நீங்க போற அதே ரயில் பாதையில் இருக்கிற திருவள்ளூர்ல இன்னைக்குத் தயாராகுது.

மாஜெஸ் பிறந்தது 1908-ல். 1925-ல், 17 வயசுல சிட்ரோயனில் வேலைக்குச் சேர்ந்தார். அதே வருஷம்தான் ஈஃபில் டவர்ல ரெண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பல்புகளை எரியவிட்டு தன் கம்பெனி பேரை ஜொலிக்க வெச்சார் முதலாளி ஆந்த்ரே சிட்ரோயன். ஆனா பத்தே வருஷத்துல கம்பெனி திவாலாகி, டயர் கம்பெனியான மிஷ்லினின் கைக்குப் போயிடுச்சு. ஆந்த்ரே 1935-ல் இறந்துபோனார். முதலாளி மாறினார், மாஜெஸ் இருந்தார். இன்ஜினீயரிங் டிகிரி கிடையாது. வரைபட மேஜையிலும் வேலை செய்யும் இடத்திலும் கத்துக்கிட்டதுதான் படிப்பு.

மிஷ்லின் அனுப்பிவெச்ச பெரிய தலை பியர் பூலான்ஷே. உழுத வயல்ல ஒரு கூடை முட்டையோட போனாலும் முட்டை உடையக் கூடாது, அப்படியொரு மலிவு கார் வேணும்னு கேட்டவர் இவர்தான். அந்தக் கார்தான் பின்னால் டூ சிவி ஆச்சு. இரண்டாம் உலகப் போர் நடந்து, பிரான்ஸே ஜெர்மனி பிடியில் இருந்த 1942-ல், பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் ஆராய்கிற வேலைக்கு பூலான்ஷே கொண்டுவந்த ஆள் மாஜெஸ். படிச்ச இன்ஜினீயர்கள் வரிசையா இருக்கும்போது டிகிரி இல்லாத ஒருத்தர்! எது முடியாதுன்னு பாடம் படிக்காதவர்தான் அதை முயற்சி பண்ணுவார்னு பூலான்ஷே நம்பியிருக்கணும். இது என் ஊகம்தான்.

பிரச்னை என்னன்னு கொஞ்சம் பாருங்க. ஸ்பிரிங் மெதுவா இருந்தா பயணம் சுகம். ஆனா நாலு பேர் ஏறினா வண்டி தரையைத் தொடும். கெட்டியா இருந்தா எடை தாங்கும், காலியா போகும்போது முதுகு கழண்டுரும். காலி டிப்பர் லாரி குதிச்சுக்கிட்டுப் போறதைப் பார்த்திருப்பீங்களே, அது இதுதான். அதுவரைக்கும் எல்லாரும் ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு சமரசம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க.

மாஜெஸ் சமரசம் பண்ணலை. இரும்பு ஸ்பிரிங்கையே தூக்கிட்டார். இரும்பு உருண்டைக்குள்ள நைட்ரஜன் வாயுவை அடைச்சு, நடுவுல ரப்பர் படலம் வெச்சு, மறுபக்கம் எண்ணெய் விட்டார். சக்கரம் பள்ளத்துல விழுந்து எழும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும், வாயு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். இதுவரைக்கும் புத்திசாலித்தனம். அசத்தல் இதுக்கு அடுத்ததுதான்.

வண்டியின் அடியில் குறுக்கே போகும் ஆன்ட்டி ரோல் பார்ல ஒரு கம்பியை மாட்டி, அதை ஒரு வால்வோட இணைச்சார். ஆள் ஏறி வண்டி தாழ்ந்தா கம்பி அசையும், வால்வு திறக்கும், பம்ப்பிலிருந்து எண்ணெய் போய் வண்டியைத் தூக்கும். இறங்கினா எண்ணெய் திரும்பி வரும். எடை எவ்வளவுன்னாலும் உயரம் ஒண்ணு. ஒவ்வொரு குழிக்கும் வால்வு பதறி வேலை செஞ்சா வண்டி பேயாட்டம் ஆடுமே? அதுக்காக வால்வை வேணும்னே மந்தமா வெச்சார். சட்டுனு வர்ற குலுக்கலை அது கண்டுக்காது. நிதானமா நீடிக்கிற மாற்றத்துக்கு மட்டும் பதில் சொல்லும்.

1948-ல் டூ சிவி வெளிவந்தப்போ அதுல சாதா ஸ்பிரிங்தான் இருந்தது. 1950-ல் பூலான்ஷே கார் விபத்தில் இறந்துபோனார். தன்னை நம்பினவர் போனதுக்கு அப்புறமும் மாஜெஸ் வேலையைத் தொடர்ந்தார். 1954-ல் ஒரு பழைய மாடலின் பின் சக்கரங்களுக்கு மட்டும் அவருடைய சிஸ்டம் வந்தது. அடுத்த வருஷம், 1955 அக்டோபர்ல, பாரிஸ் கார் கண்காட்சியில சிட்ரோயன் டிஎஸ் வந்து நின்னுச்சு. முதல் நாளே ஏறக்குறைய 12,000 ஆர்டர்! இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினா படுத்திருந்த ஒட்டகம் எழுந்திருக்கிற மாதிரி கார் எழும்பும். பஞ்சர் ஆச்சுன்னா ஜாக்கியை மிதிக்க வேணாம். வண்டியை முழு உயரத்துக்கு ஏத்தி, ஸ்டாண்ட் முட்டுக்கொடுத்து, லிவரைக் கீழே தள்ளினா சக்கரம் தானா மேல தூக்கிக்கும்.

1962 ஆகஸ்ட் 22-ல் பாரிஸ் அருகே பிரான்ஸ் அதிபர் டி காலின் டிஎஸ் மேல துப்பாக்கிச்சூடு நடந்தது. டயர்கள் பஞ்சராகியும் டிரைவர் வேகத்தைக் குறைக்காம தப்பிச்சுப் போனார். அதிபருக்குக் கீறல் இல்லை. ஓட்டுநரின் திறமை பாதி, மாஜெஸின் எண்ணெய் மீதின்னு கார் ரசிகர்கள் இன்னைக்கும் பேசுவாங்க. 1965-ல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவே இந்த உயரம் சரிசெய்யும் முறையை லைசென்ஸ் வாங்கித்தான் பயன்படுத்திச்சு.

எல்லாம் வெற்றிதானான்னா, இல்லை. ஆரம்பகால டிஎஸ் கார்கள் எண்ணெய் கசிஞ்சு படுத்துக்கிட்டு மானத்தை வாங்கிச்சு. ஊர் மெக்கானிக்குகளுக்கு அந்தக் குழாய்க் காடு புரியலை. அப்போ போட்ட எண்ணெய் ஈரத்தை இழுத்து உள்ளே துருப்பிடிக்க வெச்சது. 1966-ல் பச்சை நிற மினரல் ஆயிலுக்கு மாறின பிறகுதான் தலைவலி குறைஞ்சது. அமெரிக்காவிலும் இதே கதை. 1957-ல் காடிலாக் காற்றை வெச்சே சஸ்பென்ஷன் கொண்டுவந்தது. தொல்லை தாங்காம பல பேர் அதைக் கழட்டிட்டு இரும்பு ஸ்பிரிங்கையே மாட்டிக்கிட்டாங்க.

மாஜெஸ் 1999-ல் இறந்தார். 2017-ல் சிட்ரோயனே அந்த எண்ணெய் முறையை நிறுத்திருச்சு. ஆனா அந்தக் கம்பி மட்டும் இன்னும் இருக்கு. அதுதான் சித்தப்பா வண்டியில கெட்டது.

இன்னைக்கு ஏர் சஸ்பென்ஷன் கார்ல கம்பி வால்வைத் திறக்கிறதில்லை. சக்கரத்தைத் தாங்கும் கன்ட்ரோல் ஆர்ம்ல ஒரு முனை, சென்சாரின் சின்னக் கையில மறுமுனை. கை திரும்பின அளவை சென்சார் மின் சிக்னலா கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை ஓட்டும். கம்பி முனையில இருக்கிற குட்டி பால் ஜாயின்ட் சேறு பட்டுத் துருப்பிடிச்சு ஒடிஞ்சா, பிளக்குக்குள்ள தண்ணி போனா, காருக்குத் தன் உயரம் தெரியாது. தெரியாம கம்ப்ரஸரை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டி, கடைசியில அதுவும் எரிஞ்சுபோகலாம்.

உங்க வண்டிக்கு வந்தா முதல்ல இதைப் பாருங்க. ராத்திரி நிறுத்தின வண்டி காலையில உட்கார்ந்திருந்தா பெரும்பாலும் காற்றுக் கசிவு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு மூலை மட்டும் ஏறியோ இறங்கியோ போனா சென்சார் மேல சந்தேகப்படுங்க. ஸ்கேனர் மாட்டி நாலு சக்கரத்தின் உயர அளவையும் நேரலையா பார்த்தா, பொய் சொல்றது எதுன்னு தெரிஞ்சுரும்.

மாத்துறது பெரிய வித்தை இல்லை. சஸ்பென்ஷனை ஜாக் மோடுல போட்டு, வண்டியை ஸ்டாண்ட்ல நிறுத்தி, வீலைக் கழட்டினா பல மாடல்களில் சென்சார் கைக்கு எட்டும். பிளக்கை உருவி, கம்பி முனையை விடுவிச்சு, ரெண்டு மூணு போல்ட்டைக் கழட்டினா வந்துரும். புதுசை மாட்டும்போது அந்தச் சின்னக் கை அதே பக்கம் பார்க்கணும். காற்றை மட்டும் நம்பி நிக்கிற வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. காற்று இறங்கினா வண்டி மொத்தமா மேல உட்காரும்.

மாட்டினதோட வேலை முடியலை. புது சென்சாருக்கு உண்மையான உயரத்தைச் சொல்லிக்கொடுக்கணும். வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, பல மாடல்களில் வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் மில்லிமீட்டர்ல அளந்து ஸ்கேனர்ல ஏத்துவாங்க. இதைத் தவிர்த்தா வண்டி கோணலாவே நிக்கும். ஹெட்லைட்டும் பல கார்கள்ல இதே சென்சாரை நம்பித்தான் ஏறி இறங்குது. அப்புறம் எதிரே வர்றவர் கண்ணு கூசி உங்களைத் திட்டுவார்.

சித்தப்பா இந்தத் தடவை வேற மெக்கானிக்கிட்ட போனார். அவர் டேப்பை எடுத்து நாலு பக்கமும் அளந்து, எண்களை ஏத்தி, பின் சீட்டுல என்னையும் தம்பியையும் உட்காரச் சொன்னார். பின்பக்கம் கொஞ்சம் இறங்குச்சு. கம்ப்ரஸர் சத்தம் கேட்டுச்சு. வண்டி மெதுவா, பழைய இடத்துக்கே நிமிர்ந்துச்சு.