நம்ம ஊர் ஸ்பைடருக்கு கதை எழுதியவர் யார் தெரியுமா?

சென்னையில் இருந்து சூலூர்பேட்டை போற லோக்கல் ட்ரெயினில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி வர்ற ஸ்டேஷன் ஆரம்பாக்கம். அங்கே என் மாமா வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி இருந்துச்சு. மீன் கருவாட்டு வாசனையோட லயன் காமிக்ஸும் முத்து காமிக்ஸும். ஸ்கூல் லீவுக்குப் போனா எனக்கு அதுதான் உலகம். உங்கள்ல பலருக்கும் இப்படி ஒரு பெட்டி இருந்திருக்கும்.

அந்தப் பெட்டியில எனக்குப் பிடிச்சது ஸ்பைடர். அமெரிக்கச் சிலந்தி மனிதன் இல்லை, இது வேற ஆள். கூரான காது, மேல்நோக்கி வாரிய முடி, கறுப்பு உடை, கையில் வலைத் துப்பாக்கி. முதல் பார்வைக்கு அசல் வில்லன். கதையிலும் அப்படித்தான். உலகத்துல இருக்கிற குற்றவாளிகளுக்கெல்லாம் தானே சக்கரவர்த்தி ஆகணும்னு கிளம்புறவன், போகப் போக மத்த குற்றவாளிகளை வேட்டையாடத் தொடங்கிடுவான். நல்லவனா கெட்டவனான்னு மாமாவிடம் கேட்டேன். ரெண்டும்தான்னு சொல்லிட்டு வலையைப் பின்னப் போயிட்டார்.

இந்த ஸ்பைடர் 1965-ல் லண்டனின் 'லயன்' வார இதழில் பிறந்தவன். உருவாக்கியவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். ஆனா கொஞ்ச நாள்லயே கதை எழுதும் வேலை ஓர் அமெரிக்கர் கைக்குப் போச்சு. அவர் பேர் ஜெர்ரி சீகல். ஆமாங்க, சூப்பர்மேனை உருவாக்கிய ரெண்டு பேர்ல ஒருத்தர்!

சீகல் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் பிறந்தார். லிதுவேனியாவில் இருந்து குடியேறிய யூதக் குடும்பம், ஆறு பிள்ளைகள்ல கடைக்குட்டி. அப்பா துணிக்கடை வெச்சிருந்தார். 1932 ஜூன் மாதம் ஒரு ராத்திரி கடைக்குள்ள திருடர்கள் புகுந்தாங்க. அந்தக் களேபரத்தில் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். சீகலுக்கு அப்போ 17 வயசு.

அடுத்த வருஷ ஜனவரியில், பள்ளி நண்பர் ஜோ ஷஸ்டர் படம் வரைய, சீகல் ஒரு கதை வெளியிட்டார். அதிலேயும் ஒரு சூப்பர்மேன் வர்றான். ஆனா அவன் மொட்டைத் தலை வில்லன்! கொஞ்ச நாள் கழிச்சுத்தான் அதே பேரில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத நாயகன் வந்தான். அப்பாவின் சாவுக்கும் அந்த நாயகனுக்கும் தொடர்பு இருக்குன்னு நினைக்கிறவங்க உண்டு. சீகல் பொதுவெளியில் அதைப் பேசிக்கிட்டதே இல்லைன்னு சொல்றாங்க. எனக்கு என்னவோ, பேசாததாலேயே அது உண்மையா இருக்கும்னு தோணுது.

பதிப்பகங்கள் பல வருஷம் கையை விரிச்ச பிறகு, 1938 மார்ச்சில் ரெண்டு பேரும் சூப்பர்மேன் உரிமையை மொத்தமா எழுதிக் கொடுத்தாங்க. விலை 130 டாலர். அதையும் நண்பருடன் பங்கு போட்டுக்கணும். அந்த வருஷம் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் அமெரிக்காவையே புரட்டிப்போட்டுச்சு. அந்த ஆரம்பக் கதைகளைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். மனைவியை அடிக்கிறவனைத் தூக்கி வீசுறான், ஊழல் அரசியல்வாதியை மிரட்டுறான். போலீஸை எல்லாம் அவன் மதிக்கிறதே இல்லை. சட்டத்தைத் தன் கையில எடுத்துக்கிற முரட்டு ஆள்தான் முதல் சூப்பர்மேன். 1940-ல் பெர்னார்ட் பெய்லியுடன் சேர்ந்து சீகல் உருவாக்கிய ஸ்பெக்டர் இன்னும் இருட்டு. கொலை செய்யப்பட்ட போலீஸ்காரர் ஆவியா வந்து குற்றவாளிகளைப் பழிவாங்குற கதை.

1943-ல் சீகல் ராணுவத்துக்குப் போனார். அந்த நேரம் பார்த்து, அவர் முன்பு சொல்லியிருந்த சூப்பர்பாய் யோசனையை அவரைக் கேட்காமலேயே கம்பெனி இதழில் கொண்டுவந்துடுச்சு. 1947-ல் வழக்குப் போட்டார். முடிவில் கைக்கு வந்தது சுமார் 94,000 டாலர். பறிபோனது சூப்பர்மேன் கதைகளில் இருந்த அவரோட பேர்.

1959-ல் வேற வழியில்லாம அதே கம்பெனிக்குத் திரும்பினார். தன் சூப்பர்மேனுக்குத் தானே பேர் போடாம கதை எழுதினார். யோசிச்சுப் பாருங்க! இந்தக் காலத்தின் கடைசியில்தான் லண்டனுக்கு ஸ்பைடர் கதைகளும் எழுதத் தொடங்கினார். அந்த வார இதழில் எழுதுறவங்க பேர் போடுற வழக்கம் கிடையாது. ஆக, அங்கேயும் பேர் இல்லை.

பிறகு கலிஃபோர்னியாவில் கடிதங்களைப் பிரிச்சு அடுக்குற குமாஸ்தா வேலை. 1975-ல் பெரிய பட்ஜெட்டில் சூப்பர்மேன் படம் வரப்போகுதுன்னு சேதி வந்ததும் மனுஷன் வெடிச்சுட்டார். பத்திரிகைகளுக்கு நீண்ட அறிக்கை அனுப்பினார். கார்ட்டூனிஸ்ட்டுகள் கூட நின்னாங்க. அந்த வருஷ டிசம்பரில் கம்பெனி இறங்கிவந்தது. இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், கூடவே பேரும் திரும்பி வந்துச்சு. ஷஸ்டர் 1992-ல் இறந்தார், சீகல் 1996 ஜனவரியில். அந்த 130 டாலரும் சேர்ந்திருந்த பழைய செக் 2012-ல் ஏலத்துக்கு வந்துச்சு. போன விலை 1,60,000 டாலர்!

ஸ்பைடர் தமிழுக்கு வந்தது 1984-ல். சிவகாசியில் எஸ்.விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பிச்ச வருஷம் அது. 1972-லேயே முத்து காமிக்ஸ் மூலமா அறிமுகமாகியிருந்த இரும்புக்கை மாயாவியும் முதல்ல திருடனா இருந்து திருந்தினவன்தான். தப்பு செஞ்ச ஆளுங்களையே நாயகனா ஏத்துக்கிற பழக்கம் நம்ம பசங்களுக்கு அப்பவே வந்துடுச்சு.

போன மாசம் ஆரம்பாக்கம் போனப்போ இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். பழவேற்காடு ஏரியில 'பாடு' முறைன்னு ஒண்ணு உண்டு. எந்த இடத்துல யார், எப்போ வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. அதைப் பார்த்தே வளர்ந்த மனுஷர், 130 டாலரில் அந்தாளுக்கு எவ்வளவு பங்குன்னுதான் முதல்ல கேட்டார். 65-ன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பரண்ல ஏறி பெட்டியை இறக்கி, அட்டை கிழிஞ்ச ஒரு ஸ்பைடர் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். எழுதியவர் பேர் எங்கேயும் இல்லை. என் பேனாவை வாங்கி அட்டையின் உள்பக்கம் ஜெர்ரி சீகல்னு எழுதி வெச்சார்.